கார்க் கண்ணாடியில் உடைத்த தேங்காய்

தேங்காயைத் தரையில் உடைக்கலாம், கருங்கல்லில் உடைக்கலாம், கோயில் வாசலில் அதற்கென்றே கட்டி வைத்திருக்கும் தொட்டியில் உடைக்கலாம். நான் ஒரு காரின் பின்கண்ணாடியில் உடைத்தேன். கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்று சமாளிக்கவும் வழியில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்ட வேண்டும் என்பதற்காகக் கையை நன்றாக ஓங்கி, முகத்தில் ஒரு வித்தைக்காரன் சிரிப்போடு உடைத்தேன். கார்க் கண்ணாடி மாட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இந்தக் கிழவன் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். கேட்ட பிறகும் எழுந்து போகாமல் இருக்கிறீர்கள் என்றால், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்கா டவுனில் காதர் நானாவின் கடையில் வேலை பார்த்தேன். நானா, பல தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம் செய்துவரும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். கார் சாமான் விற்பது அவர் பாடு. கண்ணாடி மாட்டுவது என் பாடு. என்னை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, "இது மணியம். பாதி வேலைய கை செய்யும், மீதிய வாய் செய்யும்" என்பார். அதை நான் பாராட்டு என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைக்கு ஒருநாள் சேகர் வந்தான். லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். வாரம் முழுக்க லாரியில் ஆமையாய் ஊர்ந்த எரிச்சலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மண்பாதை ரேஸில் தீர்த்துக்கொள்வான். தோட்ட மேனேஜரிடம் அனுமதி வாங்கி, செம்மண் சாலையில் ஒவ்வொரு காராக ஓட்டவிட்டு, யார் சீக்கிரம் வந்து சேர்கிறார்கள் என்று பார்க்கும் விளையாட்டு அது. சேகரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. சின்ன கார், நாலு கதவு.

"வண்டி கனமா இருக்குண்ணே. மேட்டுல மூச்சு வாங்குது" என்றான்.

"வண்டி கனமா, நீ கனமா?"

"லெட்சுமி சமையல கொறை சொல்லாதீங்க. சீட்டெல்லாம் கழட்டிட்டேன். இனிமே கண்ணாடிதான் பாக்கி."

லெட்சுமி அவன் மனைவி. அதே தோட்டத்தில் மேட்டுப் பகுதியில் இருந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டுபவள். அவள் சமையலை நானும் சாப்பிட்டிருக்கிறேன்; குறை சொல்ல வழியில்லை.

கண்ணாடியின் கனம் உங்களுக்குத் தெரியும். தோளில் தூக்கிப் பழகியவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அதை எடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடு போட்டால் கார் பூனைக்குட்டி மாதிரி பாயும் என்று கேள்விப்பட்டிருந்தேன். விளம்பரப் பலகை செய்யும் கடைக்காரரிடம் நானா அதற்குச் சொல்லிவைத்தார். பட்டென்று நொறுங்குகிற மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள், வளைத்தால் வளைகிற, அடித்தால் உடையாத நல்ல சரக்காக வாங்கிக் கொடுங்கள் என்று அவரிடம் நானே விவரமாகப் பேசினேன். தகட்டைத் தேர்ந்தெடுத்ததில் நான் செய்தது சரி. என் புத்தி அந்த இடத்தோடு வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

முன்கண்ணாடியை ரேஸ் நடத்துகிறவர்கள் மாற்ற விடவில்லை. மற்றதையெல்லாம் மாற்றினேன். கதவுகளில் ரிவெட் அடித்து இறுக்கினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி வெட்டிக் கனம் என்று அதையும் பிடுங்கிப் போட்டேன். பின்பக்கத்துக்குப் பழைய ரப்பர் வளையத்தையே வைத்து, அதன் உதட்டுக்குள் கயிறு விட்டு இழுத்து, தகட்டை உட்காரவைத்தேன். ஓடும்போது கடகடவென்று ஆடினால் என் பெயர் கெட்டுவிடுமே என்று அடிப்பக்கம் பசையைத் தாராளமாகப் பூசினேன். வேலை அப்படி ஒரு அழகு. நானே இரண்டு முறை தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

அடுத்தது பூசை. கடை வாசலில் காரை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். நானா ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். திருஷ்டி கழித்து முடித்ததும் தேங்காய் என் கையில் இருந்தது. கூட்டம் என் முன்னால் இருந்தது. என்னைப் போன்றவனுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கக் கூடாது.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பின்கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. தேங்காய்த் தண்ணீர் நானாவின் சட்டை வரைக்கும் தெறித்தது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கூட்டம் கைதட்டியது.

"சொல்லிட்டு செய்யக் கூடாதாலா? வெள்ளச் சட்டை" என்றார் நானா.

சேகர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். லெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. தகட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏன்ணே, இது உடையவே உடையாதா?"

"சுத்தியல் கொண்டாந்து அடிச்சாலும் உடையாது, தங்கச்சி."

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த 'அப்படியா'வில் ஒரு கேள்வி இருந்தது. கைதட்டலின் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரேஸை நிறுத்திவிடலாமா என்று பேச்சு வந்தது; இன்னும் இரண்டு மூன்று கார்தானே பாக்கி, ஓடட்டும் என்று விட்டார்கள். சேகரின் கார் மேட்டிலிருந்து இறங்கியது. நானும் நானாவும் பள்ளத்து வளைவில் ஒரே குடைக்குள் நின்றிருந்தோம். மழையில் வண்டியின் சத்தம் முதலில் வந்தது, பிறகு வண்டி வந்தது. வளைவில் திரும்ப வேண்டிய இடத்தில் அது திரும்பவில்லை. செம்மண் சோப்புப் போட்ட தரையைப் போல ஆகியிருந்தது. கார் எங்களுக்கு முன்னால் நிதானமாக, ஏதோ வழி விசாரிக்க வருவதைப் போல வழுக்கிக்கொண்டே வந்து, சாலையோரம் இருந்த பெரிய வடிகாலுக்குள் மூக்குக் குப்புற இறங்கியது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். வடிகால் காரின் அகலத்துக்கே அளவெடுத்து வெட்டியது போல இருந்தது. முன்பக்கம் சேற்றுக்குள் புதைந்திருந்தது. இரண்டு பக்கமும் மண்கரை கதவுகளை இறுக்கிப் பிடித்திருந்தது. பின்னால் சாமான் வைக்கும் பூட் வழியாகவும் உள்ளே போக முடியாது, நடுவில் தகரத் தடுப்பு. கரைக்கு மேலே தெரிந்ததெல்லாம் காரின் பின்பக்கமும், நான் போட்ட பின்கண்ணாடியும்தான். அதன் வழியாகச் சேகர் தெரிந்தான். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சீட் இல்லாத பின்பக்கத்துக்குத் தவழ்ந்து ஏறி வந்திருந்தான். ஒரு கையைத் தொங்கப் போட்டிருந்தான். தோள் விலகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. நெற்றியில் ரத்தம். எங்களைப் பார்த்ததும் தகட்டில் வாயை ஒட்டிவைத்துக் கத்தினான்.

"அண்ணே, தேங்கா கொண்டாந்தீங்களா?"

நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். அந்த நேரத்தில் அது வெறும் மாட்டிக்கொண்ட கார்தான்.

அப்போது நானா என் கையைப் பிடித்தார். "மணியம், தண்ணியப் பாரு."

மேட்டில் பெய்த மழை முழுவதும் அந்த வடிகால் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். இப்போது குறுக்கே கார் அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீருக்குப் போக இடமில்லாமல் காருக்கு முன்னால் தேங்கி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. கதவு இடுக்குகள் வழியாக உள்ளேயும் புகுந்துகொண்டிருந்தது. செம்மண் கலந்த தண்ணீர், டீ நிறத்தில். சேகரின் முட்டிக்கு வந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்தது. சேகரின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

யாரோ கத்தினார்கள்: "கண்ணாடிய உடைங்கலா."

ஒருவர் கல்லை எடுத்து அடித்தார். கல் துள்ளி வடிகாலில் விழுந்தது. இன்னொருவர் வீல் ஸ்பேனரால் அடித்தார். நானா தன் வண்டியிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது. கடை வாசலில் கைதட்டிய சிலரும் அதில் இருந்தார்கள்.

அடித்தேன். அதுதான் உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது உடையாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். அதைப் பெருமையாகச் சொல்லித் தேங்காய் உடைத்தவன் நான். அந்த நான்தான் சுத்தியலை வாங்கி அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் அடித்தேன். சுத்தியல் எகிறி என் முழங்காலைப் பதம் பார்த்தது. ஏன் அடித்தேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். முகம் பார்ப்பதைக் கண்ணாடி என்கிறோம், மூக்கில் மாட்டுவதைக் கண்ணாடி என்கிறோம், பிளாஸ்டிக் தகட்டைக் கொண்டுவந்து காரில் மாட்டிவிட்டு அதையும் கண்ணாடி என்கிறோம். யாராவது கண்ணாடி என்று கத்தினால் கை உடைக்கத்தான் ஓடும். என் கைக்குப் பழைய தொழில்தான் தெரிந்திருந்தது.

பொம்பாவுக்குப் போன் செய்ய ஒருவரைத் தோட்ட ஆபீசுக்கு அனுப்பியிருந்தார்கள். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் சேகரின் மார்புக்கு வந்துவிட்டது. அவன் பின்பக்க மூலையில் ஒடுங்கிக்கொண்டு, முகத்தைக் கூரையோடு ஒட்டிவைத்திருந்தான்.

இதற்குள் தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவந்துவிட்டார்கள். கயிறு கட்டிப் பின்னால் இழுத்துவிடலாம் என்று திட்டம். கேட்க நல்ல யோசனைதான். டிராக்டர் கரையோரம் வந்து நின்றதும், அதன் சக்கரத்துக்கு அடியிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து, காரின் பின்பக்கத்தின் மேல் பொத்தென்று விழுந்தது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். "இழுக்காதீங்க. கரை உடைஞ்சா டிராக்டரே அவன் மேல வந்து உக்காந்துக்கும். இருக்கிறது ஒரே வழி, அதையும் அடைச்சிடாதீங்க."

"அப்ப நீ என்னாதான் செய்யப் போற?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தப்பென்று தெரிந்ததை நிறுத்தினேன். சரியானது எது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி நேரும். பதில் கையில் இல்லாத காரணத்தால் தப்பான வேலையைத் தொடரவிடாதீர்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

அந்த நேரத்தில்தான் லெட்சுமி வந்தாள். அன்று ஞாயிறானாலும் அவளுக்குப் பால்வெட்டு இருந்தது. வேலை முடிந்து வந்தவள், மழைக்கு மேட்டில் ஒதுங்கி நின்றிருக்கிறாள். செய்தி கேட்டு அப்படியே மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்துவிட்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு கரை விளிம்புக்கு வந்து, சேகரைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சுத்தியலும் கையுமாக நின்ற என் பக்கம் திரும்பினாள்.

"என்னாண்ணே செய்யிறீங்க?"

"உடைக்கிறேன், தங்கச்சி."

"உடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சுத்தியலைக் கீழே போட்டேன்.

"போடும்போது எப்படிப் போட்டீங்க?"

அவள் கேட்டது இவ்வளவுதான். எனக்கு மழைச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. எப்படிப் போட்டேன்? ரப்பர் வளையத்தில் வைத்து, உதட்டுக்குள் கயிறு விட்டு, தகட்டை லேசாக வளைத்துப் போட்டேன். வளைத்து உள்ளே போனது வளைத்தால் வெளியே வராதா? அது கண்ணாடியாக இருந்தால் வளைக்க முடியாது. இது பிளாஸ்டிக். வளைகிற சரக்காகப் பார்த்து வாங்கியவனே நான்தானே.

"ரப்பர வெட்டணும்" என்றேன். "கத்தி. யாருகிட்டயாச்சும் கத்தி இருக்கா?"

அவள் மோட்டார் சைக்கிளுக்கு ஓடினாள். கூடையிலிருந்து பால்வெட்டும் கத்தியோடு திரும்பினாள். நுனி வளைந்து, மரப்பட்டையில் கோடு பிடித்து இழுப்பதற்கென்றே செய்த கத்தி. அன்றைய பால் வாடை அதில் இன்னும் போகவில்லை.

இரண்டு பேரும் வடிகாலுக்குள் இறங்கினோம். அவள் இறங்கினாள் என்றும், நான் விழுந்தேன் என்றும் சொல்வதுதான் சரி. எனக்கு நீச்சல் தெரியாது. காரின் பூட் மேல் தவளை மாதிரி அப்பிக்கொண்டு, எங்கே வெட்ட வேண்டும் என்று விரலால் காட்டினேன். "இந்த உதட்ட மட்டும். மேல் பக்கம் பூரா. அப்புறம் ரெண்டு பக்கமும் எறங்கு." கத்தியை மூலையில் குத்தி இழுத்தாள். ரப்பர் பட்டை சுருள் சுருளாக விழுந்தது. ஆயிரக்கணக்கான மரங்களில் ரப்பர்ப் பாலை வடியவைத்த கத்தி, அன்றைக்கு ரப்பரையே சீவியது. எனக்கு அந்த நேரத்திலும் அது வேடிக்கையாகத் தோன்றியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

மேல் பக்கம் முடிந்தது. ஒரு பக்கம் முடிந்தது. உள்ளே தண்ணீர் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தாண்டி ஏறியது. சேகரின் முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது.

"சேகர், உதைடா" என்று கத்தினேன். அவன் மல்லாந்து, ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதைத்தான். தகடு வயிறு மாதிரி வெளியே உப்பி, மறுபடி உள்ளே போனது. மறுபடியும் உதைத்தான். மறுபடியும் உப்பி உள்ளே போனது. ஒவ்வொரு உதைக்கும் அவன் தலை தண்ணீருக்குள் போய்வந்தது.

"நடுவுல உதைக்காத. மூலையில. வலது மூலையில உதை."

கேட்டதா என்று தெரியவில்லை. நான் அந்த மூலையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக் காட்டினேன். அவன் கால் வந்து அங்கேயே பட்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு விளிம்பு வெளியே வந்தது. லெட்சுமி கத்தியின் வளைந்த நுனியை உள்ளே கொடுத்து நெம்பினாள். நான் அந்த விளிம்பைப் பிடித்து முகத்தோடு சேர்த்து இழுத்தேன்.

ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன்: வளைந்த பிளாஸ்டிக் ஸ்பிரிங் மாதிரி. ரப்பரை விட்டு விடுபட்டதும் தகடு பாய்ந்து வந்து என் வாயில் அறைந்தது. முன்பல் ஒன்று அங்கேயே போயிற்று. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது பிளாஸ்டிக் பல். கனம் குறைவு. சேகரின் காருக்கு நான் செய்ததை டாக்டர் எனக்குச் செய்துவிட்டார்.

அடியில் நான் பூசிய பசை அப்போதும் விடவில்லை. தகடு பாதி திறந்த பெட்டி மூடி மாதிரி நின்றது. அந்த இடுக்கில் லெட்சுமி இடுப்பு வரைக்கும் நுழைந்து, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். நான் அவள் பின்னாலிருந்து அவனுடைய கால்சட்டை பெல்ட்டைப் பிடித்தேன். என்னை நானா பிடித்தார். நானாவை யாரோ பிடித்தார்கள். சேகர் வெளியே வந்தான், இருமிக்கொண்டு, வாயிலிருந்து செம்மண் தண்ணீரைக் கக்கிக்கொண்டு. கரையில் படுக்கவைத்தோம். லெட்சுமி அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகுதான் அழுதாள்.

தண்ணீர் தொடர்ந்து ஏறியது. திரும்பிப் பார்த்தபோது பின்கண்ணாடி இருந்த இடமே தெரியவில்லை.

மழை விட்ட பிறகு, கரை காய்ந்த பிறகு, டிராக்டர் காரை இழுத்து எடுத்தது. அந்தத் தகட்டை நானா கடைக்குக் கொண்டுவந்து என் கண்முன்னால் சுவரில் மாட்டினார். சுத்தியல் பட்ட இடம் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான். கீறல்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உங்களுக்கு நல்ல சரக்கு கிடைக்கும், நல்ல பசை கிடைக்கும், என் காலத்தில் இல்லாத கருவிகள் எல்லாம் கிடைக்கும். மாட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் நிறைய இருப்பார்கள். மாட்டி முடித்ததும் தள்ளி நின்று ரசிப்பதற்கு முன்னால், காருக்குள்ளே போய் உட்காருங்கள். கதவு திறக்காது, தண்ணீர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி எப்படி வெளியே வருவீர்கள்? அதற்குப் பதில் கிடைக்காத வேலை முடிந்த வேலை இல்லை.

தோள் குணமானதும் சேகருக்கு மறுபடியும் ரேஸ் ஆசை வந்தது. காரையும் சரி செய்துவிட்டான். லெட்சுமி எப்படிச் சம்மதித்தாள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை என்னிடமே வந்தது. இந்த முறை பின்பக்கத்துக்குப் பசை பூசவில்லை. ரப்பருக்குள் ஒரு கயிற்றை ஓடவிட்டு, அதன் நுனியில் சிவப்பு வளையம் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். இழுத்தால் ரப்பர் உரிந்துவரும், ஒரு மூலையில் உதைத்தால் தகடு வெளியே போகும். கடையிலேயே பலமுறை செய்து பார்த்துவிட்டேன்.

காரை நானே ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சேகர் வேலைக்குப் போயிருந்தான். லெட்சுமி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டமில்லை, அவள் ஒருத்திதான். எனக்கு அது போதாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, இந்தத் தடவ போட்டிருக்கிறது முன்ன மாதிரி இல்ல. பழசவிட லேசு. வெயிலுக்கு மஞ்சளாகாது. ஓடும்போது ஒரு சத்தம் வராது. நானாவே பாத்துட்டு அசந்து போயிட்டாரு, மணியம், இந்த மாதிரி வேல மலாக்காவுலயே..."

அவள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கழட்டிக் காட்டுங்க."